மூக்கு வைத்தால் அறுபது ரூபாய்

2006 பிப்ரவரி 7, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. எலெக்ட்ரீஷியன் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். முதல் நாள் முழுக்கச் சுவரில் பொம்மைப் படம் ஒட்டினேன்.

நாலு ரோட்டுக்கு அப்பால், போன வருஷம் வரை மக்காச்சோளம் நின்ற இடத்தில் ஒரு தீம் பார்க். ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, செயற்கைப் பனி கொட்டும் ஒரு கூடம். பக்கத்திலேயே தங்குவதற்கு ஓட்டல், இருபத்துநாலு அறை. அதில் பன்னிரண்டு அறைச் சுவர்களில் ஜில்லு. சாயங்காலம் ஐந்தரைக்கு டிவியில் வருமே, அந்தப் பென்குயின்தான். கழுத்தில் சிவப்பு மப்ளர் கட்டியிருக்கும். பெரம்பலூர் வெயிலில் மப்ளர்.

ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் பொடி எழுத்தில் ஒரு நம்பர் இருக்கிறது. மேனேஜர் ஜானகி மேடம் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டே இருந்தார். "கிழிஞ்சதக் குப்பையில போடக் கூடாதுப்பா. எரிக்கணும். எரிச்சத ஒரு ஆளு பாத்து சாட்சிக் கையெழுத்துப் போடணும். பம்பாய்க் கம்பெனி ரூலு."

எங்கள் ஊரில் மனுஷனை எரிக்கும்போதுகூட யாரும் சாட்சிக் கையெழுத்துக் கேட்பதில்லை.

சம்பளம் 2,200. தங்கல் குரும்பலூரில், பரிமளா அக்கா வீட்டில். அப்பா ரெட்டிபாளையத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இன்னும் லோடு ஏற்றுகிறார். காண்ட்ராக்ட். நாள் கூலி தொண்ணூறு. அந்தத் தூசிக்குள் போக மாட்டேன் என்றுதான் ஐ.டி.ஐ. படித்தேன். படித்துவிட்டுப் பென்குயின் ஒட்டுகிறேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

அக்கா மகள் சத்யாவுக்குக் காது குத்து. ஏழு வயது வரைக்கும் தள்ளிப்போட்டதை இன்று முடித்தார்கள். தாய்மாமன் மடி என் மடி. ஆசாரி ஊசியை எடுத்ததுமே கத்த ஆரம்பித்தாள். சமாதானம் செய்ய என்னென்னவோ சொன்னேன். விக்கிக்கொண்டே கேட்டாள்: "மாமா, ஜில்லு ரூம்ல என்னயத் தூங்க வைப்பியா?"

வைப்பேன் என்றேன். அழுகிற பிள்ளையிடம் வேறு என்ன சொல்வது.

சின்னதுரை மச்சான் அதைக் கேட்டுவிட்டார். மைக் பிடித்திருந்தவர் அவருடைய பங்காளி செல்லக்கண்ணு. சீர் வாசிக்கிறார்: "தாய்மாமன் முத்தமிழ்செல்வன் சீரு. அரப்பவுனு தோடு, பட்டுப்பாவாட, வெள்ளிக் கொலுசு..." மச்சான் அவர் காதில் ஏதோ சொன்னார். உடனே மைக்கில், "மேற்கொண்டு தாய்மாமன் வேலை பாக்குற ஜில்லு ஓட்டல்ல மருமகளுக்கு ஒரு நாளு ரூமு."

பந்தலே திரும்பிப் பார்த்தது. சீர் நோட்டிலும் எழுதிவிட்டார்கள். கொலுசுக்கு அடுத்த வரி: ஜில்லு ரூம் – 1.

அறை வாடகை எவ்வளவு என்று எனக்கே தெரியாது. முந்நூறு நானூறு இருக்குமா?

பிப்ரவரி 13, திங்கள்

ரிசப்ஷனில் விலைப் பலகை மாட்டச் சொன்னார்கள். மாட்டினேன். ஏணியை விட்டு இறங்கிப் படித்தேன். மறுபடி ஏறிப் பக்கத்தில் போய்ப் படித்தேன்.

சாதாரண அறை 2,900. ஜில்லு அறை 5,800.

மாத வாடகை என்றுதான் நினைத்தேன். ஒரு நாளைக்காம்.

இரண்டு அறைக்கும் ஒரே கட்டில், ஒரே மெத்தை, ஒரே குழாய். இரண்டுக்கும் வயர் இழுத்தது ஒரே கம்பெனி. ஓர் அறைக்கான மொத்தப் படத்துக்கும் பார்சலில் இருந்த பில் 1,640. அது ஒரு தடவைச் செலவு. இவர்கள் தினமும் 2,900 கூடுதலாக வாங்குகிறார்கள்.

ஜானகி மேடத்திடம் கேட்டேவிட்டேன். அவர் திருச்சியில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், சுற்றி வளைக்க மாட்டார். "படத்துக்கு இல்லப்பா. அந்தப் படத்தை வச்சுக்கிற உரிமைக்கு. ஒவ்வொரு ராத்திரிக்கும் பம்பாய்க்கு ஒரு பங்கு போவுது."

"இவ்வளவு காசு எந்த அப்பன் மேடம் குடுப்பான்?"

"அப்பன் குடுக்க மாட்டான். புள்ள குடுக்க வைக்கும். நீ ஏணிய எடு."

பிப்ரவரி 14, செவ்வாய்

மச்சானிடம் விலையைச் சொன்னேன். சின்ன வெங்காயம் போட்டிருக்கிறார். எட்டு ரூபாய் விலை. வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார். எழுநூற்று இருபத்தைந்து கிலோ.

"அம்புட்டு வெங்காயத்தையும் அந்த ரூமுக்குள்ள கொட்டுனா படுக்க எடம் இருக்காதேடா."

சிரித்தோம். பிறகு, "இருந்தாலும் மைக்குல சொல்லியாச்சு. எங்க வூட்டு ஆளுங்க கேப்பாங்க," என்றார். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. என்னுடையதும்.

பிப்ரவரி 27, திங்கள்

கிச்சனில் ட்யூப் லைட் மாட்டப் போனேன். அங்கே ராசாத்தி அக்கா. குரும்பலூர்தான், காலனி. நான் வரும் பஸ்ஸில்தான் அவரும் வருகிறார். பம்பாயில் இருந்து வந்த எவர்சில்வர் அச்சில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தார். ஜில்லு இட்லி. இரண்டு இட்லி தொண்ணூறு ரூபாய். வட்ட இட்லி இரண்டு முப்பது.

"மாவு அதே மாவுதான் தம்பி. மூக்கு வச்சா அறுவது ரூவா ஏறுது," என்றார்.

உடைந்துபோன ஒன்றை எனக்குக் கொடுத்தார். தின்றேன். இட்லி மாதிரிதான் இருந்தது.

மார்ச் 18, சனி

அறைகள் நிறைந்துவிட்டன. ஒருவர் முகத்திலும் கலக்கமே இல்லை. 5,800-ஐ எண்ணிக்கூடப் பார்க்காமல் கொடுக்கிறார்கள். இவ்வளவு காசு இருக்கிற ஆட்கள் இவ்வளவு பேரா? எந்த ஊரில் இருக்கிறார்கள்? எந்தப் பஸ்ஸில் போகிறார்கள்?

205-இல் ஃபேன் சத்தம் என்று கூப்பிட்டார்கள். உள்ளே அந்தப் பையன் சுவரைப் பார்க்கவே இல்லை. டிவி பார்த்துக்கொண்டிருந்தான். டிவியிலும் ஜில்லு. அதை என் அக்கா வீட்டிலேயே பார்க்கலாம்.

மார்ச் 31, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குள் வயரிங் வேலைக்குப் போகிறேன். சம்பளத்தில் பாதியைத் தொடுவதில்லை. சத்யா தினமும் கேட்கிறாள். அக்காவின் மாமியார் வீட்டு ஆட்கள் கேட்காமல் கேட்கிறார்கள்: "ஓட்டலு எல்லாம் நல்லா ஓடுதா மாப்ள?"

ஏப்ரல் 15, சனி

விலைப் பலகையை மாற்றச் சொன்னார்கள். சீசனாம். 7,400. நானே ஆணி அடித்தேன்.

மே 10, புதன்

7,400 சேர்ந்தது. எப்படிச் சேர்ந்தது என்று எழுதப்போவதில்லை. அப்பாவுக்கு இரண்டு மாதமாக ஒன்றும் அனுப்பவில்லை என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

மதியம் கவுண்டருக்குப் போய் நின்றேன். ஜானகி மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"ரூம் வேணும் மேடம். எங்கக்கா, மச்சான், பாப்பா. ஒரு நாளு."

"ஸ்டாஃப் குடும்பம் கெஸ்ட்டாத் தங்க முடியாதுப்பா. ரூல் இருக்கு."

"முழுக் காசும் குடுக்குறேன்."

"காசு பிரச்சினை இல்லப்பா. காலையில பக்கத்து ரூம்காரங்க ஒன்னய லுங்கியோட பாப்பாங்க. மறுநாளு அவங்க ரூமுக்கு பல்பு மாட்ட நீயே போய் நிப்ப. அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்."

"எனக்கு?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

காசு பிரச்சினை இல்லை. இந்த வார்த்தையை அந்தக் கட்டடத்துக்குள் இன்றுதான் முதல் முறையாகக் கேட்கிறேன். இட்லி மூக்குக்கு விலை, குளிருக்கு விலை, பொம்மையோடு நின்று போட்டோ எடுக்க நூறு ரூபாய். எனக்கு மட்டும் விலையே இல்லையா? காசைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்கிறவனை என்ன என்று சொல்வது?

பஸ்ஸில் வரும்போது நோட்டை மூன்று தடவை எண்ணினேன். கோபமா, அவமானமா – தெரியவில்லை. ரூபாய் நோட்டு சட்டைப் பையில் ஈரமாகிவிட்டது.

மே 11, வியாழன்

அப்பாவுக்கு 3,000 மணியார்டர்.

மே 24, புதன்

207-க்கு மேலே தண்ணீர்த் தொட்டி கசிந்து சுவர் ஊறிவிட்டது. ஜில்லு படங்கள் தானாகவே கழன்று தொங்கின. புதுப் படம் ஒட்டச் சொல்லிவிட்டார்கள். பழையது ஒன்பது. கிழியவே இல்லை, ஈரம்தான். ஆனாலும் ரூல் ரூல்தான், எரிக்க வேண்டும்.

சுருட்டி எடுத்துக்கொண்டு கிச்சனுக்குப் பின்னால் வெந்நீர் அடுப்புக்குப் போனேன். சாட்சிக்கு ராசாத்தி அக்கா. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன், கை வரவில்லை. மைக், சீர் நோட்டு, கவுண்டர் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் அவரிடம் சொன்னேன்? அங்கே வேறு யாரும் இல்லை, அதனால்தான்.

அவர் நோட்டை வாங்கினார். "ஒன்பது படம் எரிக்கப்பட்டது" என்று எழுதியிருந்த வரிக்கு நேராக எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"அக்கா, இன்னும் எரிக்கலையே."

"எரிச்சா சாம்பலு. கொண்டு போனா புள்ள சிரிக்கும். சாப்பாட்டுக் கூடையில வச்சுத் தாரேன், கேட்டத் தாண்டுனதும் வாங்கிக்க. பொம்பள கூடைய எவனும் தொறந்து பாக்க மாட்டான்."

மே 28, ஞாயிறு

அக்கா வீட்டு உள் அறைக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்து, காயவிட்டு, ஒன்பதையும் ஒட்டினேன். ஓட்டலில் ஒட்டிய அதே வரிசை. சத்யாவைக் கண்ணை மூடிக் கூட்டிவந்தேன்.

கண்ணைத் திறந்தவள் நேரே போய் ஒரு ஜில்லுவின் வயிற்றில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். மச்சான் தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். செல்லக்கண்ணு வந்து பார்த்துவிட்டு, "சீரு வந்து சேந்துருச்சு," என்றார்.

7,400 ரூபாய் அறையைச் சும்மா கட்டிவிட்டேன். பம்பாய்க்காரனுக்குப் பங்கு கிடையாது. இன்றைக்குத்தான் நன்றாகத் தூக்கம் வரும் போலிருக்கிறது.

ஜூன் 11, ஞாயிறு

தெருப் பிள்ளைகள் முழுக்க இங்கேதான். ஓட்டல் விளையாட்டு. சத்யாதான் கவுண்டர். நுழைவுக் கட்டணம் கொய்யாக்காய், பென்சில், பாசிமணி. ஒரு பையனிடம், "சீசன். ரெண்டு கொய்யா," என்கிறாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இதை யார் சொல்லிக்கொடுத்தது? நான்தானே தினமும் வந்து ஒப்பித்தேன்.

அவள் ஒரு நோட்டும் வைத்திருக்கிறாள். கோணல் எழுத்தில் பெயர்கள், பக்கத்தில் என்ன கொடுத்தார்கள் என்பது. கடைசியில் ஒரு பெயர்: வினோதினி. பக்கத்தில் "ஜன்னல்" என்று எழுதியிருந்தது.

"அது என்னடி ஜன்னலு?"

"அவ ஏங் க்ளாஸ்தான் மாமா. அவளுக்கு உள்ள கெடையாது. ஜன்னல் வழியாப் பாக்கணும்."

"ஏன், கொய்யா கொண்டுவரலையா?"

"நாலு கொண்டாந்தா. அம்மாதான் உள்ள விடக்கூடாதுன்னுச்சு. காலனிப் புள்ளையாம்."

சாதாரணமாகச் சொன்னாள். சீசன் என்று சொன்ன அதே குரல்.

வினோதினி ராசாத்தி அக்காவின் மகள்.

அடுப்படிக்குப் போனேன். பரிமளா அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்ன கேட்டேன் என்று சரியாக நினைவில்லை, கத்தினேன். அவள் நிமிராமல் சொன்னாள்: "இப்ப என்னாத்துக்குக் குதிக்கிற? ஜன்னலத் தொறந்துதானே வுட்டேன். ஒங்க ஓட்டல்ல ஒன்னய உள்ள வுட்டாங்களா? அவங்க வச்சா ரூலு, நான் வச்சா மட்டும் தப்பா?"

"அந்தப் படம் இங்க இருக்கறதே அந்தப் புள்ளையோட அம்மாவாலதான்க்கா."

அவள் கை நின்றது. ஒரு நிமிஷம் நினைத்தேன் – வருத்தப்படுகிறாளோ என்று.

"அத வெளிய சொல்லி வைக்காத," என்றாள்.

ஜூன் 12, திங்கள்

அக்காவைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். ஏனென்றால் எழுதும்போதே ஒன்று நினைவுக்கு வந்தது.

ஓட்டலில் ராசாத்தி அக்கா கையால் தினமும் இட்லி தின்கிறேன். அக்கா, அக்கா என்கிறேன். குரும்பலூர் ஸ்டாப்பில் பஸ் நின்றதும் என்ன செய்கிறேன்? நான் முதலில் இறங்கி விறுவிறுவென்று நடந்துவிடுகிறேன். ஒரு நாள்கூட அவரோடு பத்தடி நடந்ததில்லை. அவரும் பஸ்ஸை விட்டு இறங்கினால் என்னைத் தம்பி என்று கூப்பிடுவதில்லை. வேறு எப்படியும் கூப்பிடுவதில்லை. இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

நான்கு மாதமாக இது எனக்குத் தெரியவே இல்லையா? தெரிந்துதான் இருந்ததா?

ஜூன் 15, வியாழன்

காலை பஸ்ஸில் ராசாத்தி அக்கா முன் சீட்டில். திரும்பாமலே சொன்னார்: "படம் நல்லாருக்குன்னு சொல்லுச்சு எம்பொண்ணு. ஒங்க வூட்டு ஜன்னலு உசரமாம். ரெண்டு செங்கல்லு போட்டு ஏறிப் பாத்துச்சாம்."

 டிக்கெட் எடுத்தேன். 

ஜூலை 9, ஞாயிறு

சத்யா பிறந்தநாள். மச்சான் ஃபிளெக்ஸ் அடித்திருக்கிறார், பத்துக்கு ஆறு. ஜில்லு அறைச் சுவர் முன்னால் சத்யா இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். கீழே பங்காளிகள் பெயர் பதினேழு. படம் அழகாக வந்துவிட்டது என்று பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் கடைக்காரரே ஒரு பிரதி கூடுதலாக அடித்து, மாதிரிக்குத் தன் கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறாராம். மச்சானுக்குத் தலை கால் புரியவில்லை.

ஜூலை 11, செவ்வாய்

அந்தக் கடைக்கு எதிரில்தான் திருச்சி பஸ் நிற்கும். ஜானகி மேடம் தினமும் அங்கேதான் இறங்குகிறார்.

சுவரில் பொடி எழுத்தாக இருந்த நம்பர், ஃபிளெக்ஸில் விரல் உயரத்துக்கு நிற்கிறது. 207/4.

நோட்டை எடுத்தார். 207, ஒன்பது படம், எரிக்கப்பட்டது, சாட்சி ராசாத்தி. ராசாத்தி அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். "எரியலன்னா எனக்கு எப்படித் தெரியும் மேடம், நான் கையெழுத்து மட்டுந்தான் போட்டேன்" என்றாராம். என் பெயரைச் சொல்லவில்லை. பத்து மணிக்கெல்லாம் வேலை போய், கூடையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். நான் பனிக்கூடத்தின் மோட்டாருக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பம்பாய்க்காரர் சோதனைக்கு வருகிறார். அதற்குள் கணக்கு முடிய வேண்டுமாம்.

ஜூலை 12, புதன்

இன்றும் சொல்லவில்லை.

ஜூலை 13, வியாழன்

சொல்லிவிட்டேன். எரிக்காமல் கொண்டுபோனது நான், அது என் அக்கா மகள், என் அக்கா வீட்டுச் சுவர். அவர் சும்மா கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான் என்றேன்.

ஜானகி மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தெரியும். ஃபிளெக்ஸ்ல ஒம்பேரு தாய்மாமன்னு கொட்ட எழுத்துல இருக்கு."

"அப்ப ஏன் மேடம் அவங்கள மட்டும் அனுப்புனீங்க?"

"நாளைக்குப் பம்பாய்க்காரர் வர்றாரு. பனிக்கூடம் ஓடணும். அந்த மோட்டாரு ஒனக்கு மட்டுந்தான் அடங்குது. ஒனக்கு ஒரு வாரச் சம்பளத்தப் புடிச்சுக்குவோம். சமையலுக்கு ஆளு இன்னைக்கே நாலு பேரு வந்து நிக்கிது."

"ரெண்டு பேரும் ஒரே தப்புதானே செஞ்சோம்."

"தப்பு ஒண்ணுதான்ப்பா," என்றார். விலைதான் வேறு. அதை எனக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பலகையை மாட்டியவனே நான்தான்.

அவங்களயும் சேத்துக்குங்க, இல்லன்னா மோட்டார் ஓடாது – இப்படிச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. பற்களுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. அப்பா இருமுகிற சத்தம் கேட்டது மாதிரி இருந்தது. இது சாக்கா? இருக்கலாம்.

ஜூலை 14, வெள்ளி

விடிந்ததும் ஒன்பது படத்தையும் உரித்தேன். சத்யா அழவில்லை, ஒன்று, ரெண்டு என்று எண்ணினாள். சுண்ணாம்பும் சேர்ந்து வந்துவிட்டது. சுவரில் ஒன்பது பென்குயின் உருவத்தில் பழைய செங்காவி தெரிகிறது.

ஓட்டலில் எண்ணிக் கொடுத்து, அதே வெந்நீர் அடுப்பில் எரித்தேன். சாட்சி, புதிதாக வந்த சமையல்கார அம்மா. பம்பாய்க்காரர் நோட்டில் டிக் அடித்தார். பனிக்கூடம் நன்றாக ஓடியது.

ஜூலை 22, சனி

வேலையை விட்டுவிட்டேன்.

வீரம் ஒன்றும் இல்லை. வீரம் என்றால் பதின்மூன்றாம் தேதி செய்திருக்க வேண்டும். தினமும் அந்த அடுப்பைத் தாண்டித்தான் மெயின் போர்டுக்குப் போக வேண்டும். போக முடியவில்லை. ஜானகி மேடம், "இன்னொரு முந்நூறு கூட்டித் தாரேன்," என்றார். எனக்கும் சீசன் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ரெட்டிபாளையம். சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்ட் எலெக்ட்ரீஷியன். போக மாட்டேன் என்று சொன்ன அதே தூசி. சாயங்காலம் குளித்தால் காதுக்குள் இருந்து வெள்ளையாக வருகிறது.  அப்பா சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளிவைத்தார்.

ராசாத்தி அக்காவைப் போய்ப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 3, ஞாயிறு

குரும்பலூர் ஸ்டாப் வரை போனேன். காலனிப் பாதையில் திரும்பவில்லை. அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

இன்று போனேன்.

அக்கா வீட்டில் இருந்து கிளம்பும்போது சத்யா கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க மாமா, கடைக்கா? நானும் வரேன்." எங்கே என்று நான் சொல்லவில்லை. பரிமளா அக்காவும் கடைக்கு என்றே நினைத்துக்கொண்டாள். வாய்க்காலைத் தாண்டும்போது சத்யா ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தாள். கேட்கவில்லை.

ராசாத்தி அக்கா தன் வாசலில் அடுப்பு வைத்து இட்லி விற்கிறார். சுற்றிலும் ஏழெட்டுப் பிள்ளைகள் தட்டோடு. அச்சு எதுவும் இல்லை. ஊற்றிய மாவைக் கரண்டி முனையால் ஓர் இழுப்பு இழுக்கிறார், மூக்கு வந்துவிடுகிறது. பம்பாய் அச்சை விட இதுதான் ஜில்லு மாதிரி இருக்கிறது.

என்னைப் பார்த்தார். அடுப்பை ஊதினார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"தூசியில எளச்சுப்போயிட்டியே தம்பி."

தம்பி என்றார். ஊருக்குள், நாலு பேர் எதிரில்.

என்ன சொல்வதென்று பத்து வாரமாக யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. "எவ்வளவுக்கா?" என்று கேட்டேன். இட்லியைக் காட்டி. என்ன மடத்தனம்.

"ஒண்ணு ஒண்ணர ரூவா. மூக்கு வச்சாலும் அதே வெலதான்."

சத்யா மெல்ல, "எனக்கு மூக்கு வச்சது," என்றாள்.

உள்ளேயிருந்து வினோதினி வாசற்படிக்கு வந்தாள். இரட்டைச் சடை, பள்ளிக்கூடச் சட்டை. சத்யாவை ஏற இறங்கப் பார்த்தாள். விளையாட்டில் சத்யா கவுண்டரில் நிற்பாளே, அதே மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"வெளிய நின்னு தின்னா ஒண்ணர ரூவா. உள்ள வந்து உக்காந்து தின்னா காசு வேணாம்."

"ஏய், சும்மா இருடி," என்றார் ராசாத்தி அக்கா. ஆனால் கரண்டி பாத்திரத்துக்கு மேலேயே நின்றது.

தட்டு வைத்திருந்த பிள்ளைகள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். சட்டைப் பையில் சில்லறை இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

செருப்பைக் கழற்றினேன். வாசல் தணிவு. குனிந்துதான் போக வேண்டும். உள்ளே போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தேன். வினோதினி ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பக்கத்தில் இன்னொரு தட்டையும் வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து நின்றாள்.

நானும் திரும்பிப் பார்த்தேன். வெளியே வெயில். என் செருப்புக்குப் பக்கத்தில் சின்னச் செருப்பு ஒன்று கழன்று கிடந்தது. இன்னொன்று சத்யாவின் காலிலேயே இருந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலை உள்ளே வைத்திருந்தாள்.